பெட்டி தூக்கத் தெரியுமா, தம்பி?

வா தம்பி, திண்ணையில உக்காரு. நாடக டைரக்டர் ஆவப்போறியாமே? அதுவும் சும்மா டைரக்டர் இல்ல. பல துறை ஊடாடும் பரிசோதனை நாடக நெறியாளர். யப்பா, சொல்லி முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது. கார்டுல இம்மாம் பேரு அடிச்சா போன் நம்பருக்கு எடம் எங்க?

கோவிச்சிக்காத. கேலி பண்றது கெழவன் உரிமை. உனக்கு வயசு இருக்குது, எனக்கு வாய் இருக்குது.

உன் பையில இன்னா இருக்குன்னு சொல்லட்டா? ஒரு லேப்டாப். அதுல ஒரு கான்செப்ட் நோட்டு. அந்த நோட்டுல உடல், வெளி, மௌனம், சிதைவு. எல்லாம் இருக்குது. நாடகம் எங்கடான்னா, "அது ப்ராசஸ்ல இருக்குது தாத்தா"ங்கற. நடிக்கறது யாருன்னா, "ஃபண்டிங் வந்ததும் பாத்துக்கலாம்"ங்கற. பாக்கறது யாருன்னா, "கியூரேட்டருங்க வருவாங்க"ங்கற. வரட்டும், நல்லா வரட்டும். ஊர்ல ஒரு ஆளாவது பாக்க வேணாமா?

வேணாம்னு உன்னைத் தடுக்க நான் யாரு? எறங்கு. ஆனா இந்தத் தொழில்ல ஒரு ஆயுசு எப்பிடிப் போவும்னு தெரிஞ்சிக்கினு எறங்கு. ஒரு அம்மா கதை சொல்றேன். பாரீசுக்காரங்க. உனக்குத் தெரியாத பேரு இல்ல, உன் நோட்டுலகூட அவங்க பேரை எங்கியாவது சொருகி வச்சிருப்ப. இந்தக் கெழவனுக்கு எப்பிடித் தெரியும்னு பாக்கறியா? அவங்க நம்ம செய்யாறு பக்கத்துக் கூத்து வாத்தியாரை வாத்தியாரா வச்சிக்கினு பாடம் கேட்டவங்க தம்பி. அத்தக் கடைசியில சொல்றேன்.

பேரு அரியான் முனுஷ்கின். 1939-ல பொறந்தவங்க. அப்பா சினிமா எடுக்கறவரு. கம்பெனிக்கே மவ பேரைத்தான் வச்சாரு, பிலிம்ஸ் அரியான்னு. இங்கயா இருந்தா அந்தப் பொண்ணு பள்ளிக்கூடம் முடிக்கறதுக்குள்ள கதாநாயகி ஆயிருக்கும். அங்க இன்னா ஆச்சு? மனோதத்துவம் படிக்கப் போச்சு. ஆக்ஸ்போர்டுல இருக்கசொல்ல மாணவர் நாடகத்துல கையை வச்சுது. ஊர் திரும்பி 1959-ல பாரீசு மாணவருக்கு ஒரு நாடகச் சங்கம் கட்டிச்சு. அப்புறம் மூட்டையைக் கட்டிக்கினு ஜப்பான், இந்தியான்னு கெழக்குத் தேசமெல்லாம் சுத்திப் பாத்துது. முதல்ல பாத்துது தம்பி. பேசறது பின்னாடி.

1964-ல கூட்டாளிங்களோட சேந்து ஒரு குழு. தியாத்தர் து சொலேய்னு பேரு. சூரிய நாடகசாலைன்னு வச்சுக்கயேன். அப்ப அந்தம்மாவுக்கு 25 வயசு, உன் வயசுதான். ஆனா எப்பிடிப் பதிவு பண்ணாங்கங்கற? நம்ம ஊர்ப் பால் சொசைட்டி மாதிரி, கூட்டுறவா. எல்லாரும் பங்காளி. டைரக்டருக்கும் நடிகனுக்கும் வெளக்குப் போடறவனுக்கும் ஒரே சம்பளம். இன்னிக்கு வரைக்கும் அந்தக் கொள்கையை வுடல.

நீ பட்ஜெட் காட்டுனியே, அதுல மேல் வரியில இன்னா இருந்துச்சு? ஆர்ட்டிஸ்டிக் டைரக்டர் ஃபீ. நடிகனுங்க எந்த வரியில இருந்தாங்க? இதர செலவுல. டீ, ஆட்டோ, ஜெராக்ஸு, நடிகன். நான் ஒண்ணும் சொல்லல. கணக்குதான் பேசுது.

ஆரம்பத்துல அவங்களுக்கு ஏது சம்பளம்? பகல்ல ஆளுக்கொரு வேலை. சாயங்காலம் ஒத்திகை. 1967-ல ஆர்னால்ட் வெஸ்கர்னு ஒரு இங்கிலீஷ்காரர் எழுதுன 'தி கிச்சன்' நாடகத்தை எடுத்தாங்க. ஓட்டல் சமையல்கட்டுல வேலை பாக்கறவன் பொழப்பு. போட்ட எடம் மோமார்த்துல ஒரு சர்க்கஸ் கொட்டாய். கொட்டாய் ரொம்பிப்போச்சு. அன்னைக்கு யாராவது அவங்கள சைட் ஸ்பெசிபிக்னு சொல்லியிருப்பாங்களா? கெடைச்ச எடத்துல போட்டாங்க. அம்மாம்தான்.

அடுத்து 1970. பிரெஞ்சுப் புரட்சியை '1789'ன்னு நாடகமாக் கட்டுனாங்க. எழுதிக் குடுத்த ஆசிரியன்னு தனியா ஒருத்தன் கெடையாது. நடிகருங்களே நடிச்சு நடிச்சுக் காட்சி காட்சியா உண்டாக்குனாங்க. ராசா ராணி கதையா சொல்லாம, சந்தையில வித்தை காட்டறவன் வாயால புரட்சியைச் சொல்ல வச்சாங்க. சுத்தி மேடைங்க, நடுவுல ஜனம். பாரீசுல இதுக்கேத்த தியேட்டர் கெடைக்கல. இத்தாலியில மிலான் ஊருக்குப் போயி மொத ஆட்டம் ஆடுனாங்க.

திரும்பி வந்து பாரீசுல ஆடுன எடம் எது தெரியுமா? வான்சென் காட்டுல பட்டாளத்துக்காரன் காலி பண்ணிட்டுப் போன பழைய தோட்டாத் தொழிற்சாலை. கார்த்துஷ்ரின்னு பேரு. கூரை ஒழுவும். குளிரு சொல்லி மாளாது. நடிகருங்களே சுத்தியலும் சுண்ணாம்பு மட்டையும் எடுத்துக்கினு சரி பண்ணாங்க. ராசாவா ஆடறவன் பகல்ல சுவத்துக்கு வெள்ளை அடிச்சான். அதே எடத்துலதான் அரை நூத்தாண்டுக்கு மேல குடித்தனம். பக்கத்துப் பக்கத்துல வேற குழுக்களும் வந்து குடியேறி இப்ப அது ஒரு நாடகக் குப்பமே ஆயிப்போச்சு. தோட்டா செஞ்ச எடத்துல ஜனங்க சாப்பிட்டு நாடகம் பாக்குது. இதைவிட நல்ல பரிசோதனை வேணுமா உனக்கு?

நீ இன்னா பண்ற? ஏசி இல்லாத ஹால்ல என் எனர்ஜி வராதுங்கற. ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்.

'1789'ஐ லட்சக்கணக்குல ஜனம் பாத்துது. அப்பாடா, இனிமே காசுதான்னு நெனைக்கறியா? அங்கதான் நீ பச்சப்புள்ள. இந்தத் தொழில்ல ஜெயிச்சவனும் அடுத்த நாடகத்துக்குக் கடங்காரன்தான். ஒரு நாடகம் முடிஞ்சு அடுத்தது எழுந்து நிக்கறதுக்கு மாசக்கணக்கா ஒத்திகை. அதுவரைக்கும் யாரு படி அளக்கறது? வேலையில்லாதவங்களுக்கு சர்க்கார் குடுக்கற தொகையை வாங்கிக்கினு ஒத்திகை பாத்த காலமெல்லாம் உண்டு. அப்புறம்தான் சர்க்கார் மானியம் தலையெடுத்துது. மானியம் வந்துச்சுன்னு நாடகம் போடல, நாடகம் போட்டாங்கன்னு மானியம் வந்துச்சு. எது முன்னாடி, எது பின்னாடின்னு நல்லா முடிச்சுப் போட்டு வச்சிக்க.

பல துறை பல துறைங்கறியே, அத்தையும் கேளு. 1978-ல பழைய பிரெஞ்சு நாடகக்காரர் மோலியேர் வாழ்க்கையை சினிமாவா எடுத்தாங்க. 1981-லேந்து ஷேக்ஸ்பியர் நாடகங்கள எடுத்து ஜப்பான் கபுகி, இந்தியாவோட ஆட்டம்னு கெழக்கத்தி நடை உடையில ஆட வச்சாங்க. 1985-ல கம்போடியா ராசா சிகானூக் கதை. 1987-ல நம்ம தேசம் ரெண்டா ஒடைஞ்ச கதை, 'லாந்தியாத்'னு. ரெண்டையும் எழுதுனது எலேன் சிக்சூங்கற அம்மா. 1990-லேந்து 1992 வரைக்கும் பழைய கிரேக்க நாடகம் நாலு, ஒரே குடும்பத்து வெட்டுக்குத்து. மவளையே பலி குடுக்கற அப்பன் கதை அது. அந்த மவ வேஷம், இபிஜீனியா, கட்டுனது நிருபமா நித்யானந்தன். நம்ம பக்கத்துப் பரதம் தெரிஞ்ச பொண்ணு. 1999-ல நடிகனையே மரப்பொம்மையா மாத்தி, பின்னாடி கருப்பு கட்டிக்கினு இன்னொருத்தன் அவனைத் தூக்கி ஆட்டறாப்ல ஒரு நாடகம்.

பாட்டு? ழான்-ழாக் லெமேத்ருன்னு ஒருத்தர். மேடைக்குப் பக்கத்துல வாத்தியங்களக் குவிச்சு வச்சிக்கினு, நடிகன் காலடி பாத்து ஒத்தை ஆளா வாசிப்பாரு. நம்ம கூத்துல மத்தளக்காரன் அடவு பாத்துத்தானே அடிக்கறான்? அதேதான்.

இத்தனை துறையும் ஒரு ஆளு மண்டையில இல்ல தம்பி. அவங்கவங்க துறையில கெட்டிக்காரங்க ஒரே கூரைக்கு அடியில பல வருசம் ஒண்ணா சோறு தின்னாங்க. அதனால வந்துது. நீ ரெண்டு நாள் வொர்க்ஷாப்ல களரி, மூணு நாள் வொர்க்ஷாப்ல தாய்-சி, ஆன்லைன்ல அனிமேஷன்னு பொறுக்கிக்கினு வந்து, நான் பல துறைங்கற. பல துறையில நனைஞ்சிருக்க. எதுலியும் முழுவல.

இப்ப ஒரு சேதி சொல்றேன், கவனமா கேளு. அந்தம்மா பேரெடுத்து, உலகம் பூரா பட்டம் குடுத்து, 2019-ல ஜப்பான்காரன் கியோட்டோ பரிசு குடுத்து, அது பத்துக் கோடி யென்னு. அப்பேர்ப்பட்டவங்க, நாடகம் நடக்கற அன்னிக்கு எங்க இருப்பாங்க? வாசல்ல. வர்ற ஜனத்துக்கு வாங்கன்னு சொல்லி டிக்கெட்டைக் கிழிச்சுக்கினு. உள்ள போனா சாப்பாடு. நாடகம் எந்தத் தேசத்துக் கதையோ அந்தத் தேசத்துச் சமையலு. பரிமாறறது நடிகருங்களே. பக்கத்துல திரை மறைவுல நடிகன் வேஷம் கட்டறதையும் ஜனங்க எட்டிப் பாக்கலாம். நம்ம புள்ளைங்க கூத்துக் கொட்டாய்ல பூந்து அரிதாரம் பூசறதை வாய் பொளந்து பாக்குதே, அந்தக் காட்சியை பாரீசுல காசு குடுத்துப் பாக்கறாங்க.

முன்ன ஒரு நாடகம் போட்டியே, அன்னிக்கு நீ எங்க இருந்த? கறுப்பு குர்தா போட்டுக்கினு, கடைசி வரிசையில, கன்னத்துல கையை வச்சிக்கினு. வந்தவங்களுக்குத் தண்ணி எங்க இருக்குன்னு சொல்ல ஆளில்ல. ஆனா நாடகம் முடிஞ்சு ஒரு மணி நேரம் கேள்வி பதிலு. கேள்வியும் உன் சிநேகிதன், பதிலும் நீ.

சரி, நம்ம ஊருக்கு வர்றேன். 2015 நவம்பர்ல பாரீசுல பயங்கரவாதிங்க சுட்டுத் தள்ளுனாங்களே, ஞாபகம் இருக்குதா? ஊரே அரண்டு கெடந்துது. கொஞ்ச நாள்ல அந்தம்மா குழுவோட புதுச்சேரிக்கு வந்து எறங்குனாங்க. அடுத்த நாடகம் இன்னான்னு யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையையே நாடகமாக் கட்டுனாங்க. 'ஊன் ஷாம்ப்ர் அன் அந்த்', இந்தியாவுல ஒரு அறைன்னு வச்சிக்க. 2016-ல கார்த்துஷ்ரியில ஏறுச்சு, 2017-ல நியூயார்க்குக்கும் போச்சு.

கதை இன்னா? தெக்கத்தி இந்தியாவுல ஒரு நாடகக் குழு மாட்டிக்கினு இருக்குது. டைரக்டர் இன்னா பண்றாரு? மூளை கலங்கி, ஒட்டுத்துணி இல்லாம காந்தி செலை மேல ஏறிப் போலீசுல மாட்டிக்கறாரு! பாவம், உதவியாளரா இருந்த கொர்னேலியாங்கற அம்மா தலையில பொறுப்பு வுழுது. அதுக்கு ஒரு யோசனையும் வரல. கட்டில்ல படுத்துக்கினு கனவு காணுது. நடுநடுவுல வயித்தைக் கலக்கி கக்கூசுக்கு ஓடுது. உலகத்துல இத்தினி அக்கிரமம் நடக்கசொல்ல நாடகம் எதுக்குன்னு அதுக்கு ஒரே கொழப்பம்.

யாரைக் கேலி பண்றாங்க பாத்தியா? தன்னைத்தான். 77 வயசுல, உலகப் பேரு எடுத்தப்புறம், டைரக்டர்னா இவ்ளோதான்டான்னு தானே மேடையில வச்சு சிரிக்கறாங்க. நம்ம கூத்துல கட்டியங்காரன் துரியோதன மகாராசாவையே முன்னாடி நின்னு நக்கல் அடிக்கறான் இல்ல? ராசா வாங்கிக்கறான். வாங்கிக்கத் தெரிஞ்சவன்தான் ராசா. உன் நாடகத்தைப் பத்தி ஒருத்தன் புரியலன்னு சொன்னதுக்கு நீ எத்தினி நாள் அவனோட பேசல?

அந்தக் கொர்னேலியா கனவுக்குள்ள திடீர்னு இன்னா வருதுங்கற? நம்ம தெருக்கூத்து! கிரீடம், புஜக்கட்டை, அரிதாரம், அடவு, எல்லாம். துரௌபதி துகில். கர்ணன் சாவு. பிரெஞ்சுக்காரனும், இன்னும் எந்தெந்த தேசத்துக்காரனோவும் தமிழ்லயே பாடி ஆடறான். கத்துக் குடுத்தது புரிசை கண்ணப்ப சம்பந்தன். கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை. திருவண்ணாமலை மாவட்டத்துல செய்யாறு பக்கத்துல இருக்கற புரிசைதான். பாரீசு போவ டிக்கெட்டுக்கு அலையறியே, பாரீசு எங்க வந்து நின்னுது பாத்தியா?

இப்ப நீ ஒரு கேள்வி கேப்ப. "நம்ம கலையை அவங்க தூக்கிக்கினு போயிட்டாங்களே தாத்தா"ன்னு. நியாயமான கேள்விதான். வாத்தியாரைக் கூப்ட்டு, உக்கார வச்சு, அடி முதல் பாடம் கேட்டு, அவர் பேரையும் போட்டா அதுக்குப் பேரு படிப்பு. ஆளைக் கேக்காம எடுத்தா அது வேற. அதுக்கும் அதே நாடகசாலையில ஒரு சாட்சி இருக்குது. 2018-ல கனடாக்காரர் ரொபேர் லெபாஜைக் கூப்ட்டுத் தன் குழுவைக் குடுத்தாங்க அந்தம்மா. 'கனாட்டா'ன்னு நாடகம், கனடா ஆதிகுடிங்க கதை. மேடையில ஒரு ஆதிகுடி நடிகன் கெடையாது. எங்க கதையை நாங்க இல்லாமலேயான்னு அங்க சண்டை. காசு போடறேன்னவன் வெலகிட்டான். நாடகமே இல்லன்னாங்க. அப்புறம் எப்பிடியோ அந்த வருசக் கடைசியில பாரீசுல போட்டாங்க. பெரிய ஆளுன்னா ஊரு வுட்டுடுமா? ரெண்டு நாடகத்துக்கும் நடுவுல ரெண்டே வருசம். ஒண்ணுல வாத்தியார் பக்கத்துல இருந்தாரு, ஒண்ணுல ஆளே இல்ல. மத்ததை நீயே கூட்டிக் கழிச்சிக்க.

நம்ம ஊர்லயும் தெரிஞ்சவன்கிட்டப் போனவங்கதான் நின்னாங்க. ந. முத்துசாமி, புஞ்சை ஊர்க்காரரு. சிறுகதையில பேரெடுத்த மனுசன். புரிசைக் கூத்தைப் பாத்தாரு, அதுலயே வுழுந்தாரு. 1977-ல கூத்துப்பட்டறை. கண்ணப்பத் தம்பிரானையே கூட்டியாந்து பட்டணத்துப் புள்ளைங்களுக்கு அடவு சொல்லிக் குடுக்க வச்சாரு. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரமெல்லாம் அங்க புழுதியில பொரண்டவங்க. விஜய் சேதுபதி அங்க கணக்கு எழுதப் போனவரு. கணக்கு எழுதப் போனவனே நடிப்புக் கத்துக்கினு வர்றான், நீ நடிப்புக்குன்னு போயி ப்ரபோசல் எழுதக் கத்துக்கினு வர்ற!

அந்தம்மா கதையில எல்லாம் பாலும் தேனுமா ஓடுச்சுன்னு நெனைக்காத. ஒண்ணா சோறு தின்ன எடத்துல சண்டையும் இருக்கும். கூட இருந்தவங்க எத்தினியோ பேரு கோவிச்சிக்கினு போயிருக்காங்க. மோலியேர் படத்துல மோலியேரா நடிச்ச ஆளே வெளிய போயி, ஒத்தை ஆள் நாடகம் போட்டு, அதுல அந்தம்மா மாதிரியே பேசிக் காட்டி வருசக்கணக்குல ஊரைச் சிரிக்க வச்சாரு. சமமான சம்பளம் குடுத்தா மட்டும் எல்லாரும் சமமா ஆயிடுவாங்களா? ஒத்திகையில கடைசி வார்த்தை யாருது? அந்தம்மாவுதுதான். இதையும் தெரிஞ்சிக்கினு போ. போனவன் போனான், வந்தவன் வந்தான், அடுப்பு மட்டும் அணையல. 2024-ல, 85 வயசுல, ருஷ்யப் புரட்சியை எடுத்து வச்சிக்கினு இன்னொரு நாடகம் ஏத்துனாங்க. குழுவுக்கு வயசு 60.

இப்ப சொல்லு, இந்தத் தொழில்ல பரிசோதனைங்கறது எது? மேடையில ஒருத்தன் தலைகீழா நின்னு பால்பாயிண்ட் பேனாவைக் கடிக்கறதா? முப்பது பேரை, அவனவன் கோவத்தோட, அவனவன் பசியோட, ஒரே கூரைக்கு அடியில வச்சிக் காப்பாத்தி, வாசல்ல நின்னு ஊரைக் கூப்பிட முடியுமாங்கறதுதான் பரிசோதனை. அதுல தேறுனவன் மேடையில இன்னா பண்ணாலும் ஜனம் பொறுத்துக்கும். தேறாதவன் நல்லதே பண்ணாலும் நாலு பேரு கைதட்டி செல்பி எடுத்துட்டுப் போவான்.

நம்ம பக்கம் பாரதக் கூத்து நடக்கசொல்ல வந்து பாரேன். பகல்ல பாரதம் படிப்பாங்க. ராத்திரிக்கு வெடிய வெடியக் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது கீழ புள்ளை வரம் கேட்டுப் பொம்பளைங்க ஈரப்புடவையோட காத்துக்கினு இருக்கும். கடைசி நாளு படுகளம். துரியோதனனை மண்ணால மலை மாதிரி படுக்க வச்சிருப்பாங்க. ஊரே அவனைச் சுத்தி நிக்கும். உங்க பாசையில இதுக்கு இம்மர்சிவ்வாம், டியூரேஷனலாம், சைட் ஸ்பெசிபிக்காம். எங்க பாசையில திருவிழா. எந்தக் கூத்தாடியும் கார்டு அடிச்சிக்கினது இல்ல. அதுக்காக அவனுக்குக் காசும் மரியாதையும் கொறைச்சாக் குடுத்தது ஊரு பண்ண தப்பு. அத்த நான் மறைக்கல. ஆனா அவன் வேலை தெரிஞ்சவன். பாடுவான், ஆடுவான், மத்தளம் அடிப்பான், கல்யாண முருங்கை மரத்தைச் செதுக்கி கண்ணாடி ஒட்டி கிரீடமும் பண்ணுவான். விடிஞ்சதும் பெட்டியைத் தூக்கி வண்டியில வைப்பான்.

ஆகட்டும், நேரமாச்சு. உனக்கு நான் சொல்றது மூணே. காசு வர்றதுக்கு முன்னாடி ஆளைச் சேரு. ஆளைச் சேத்தா சோத்துக்கு வழி பண்ணு, நீயும் அவங்க தட்டுல இருக்கறதையே தின்னு. எது தெரியலியோ அத்தத் தெரிஞ்சவன் வாசல்ல போயி நில்லு, கேமராவை வூட்ல வச்சிட்டுப் போ.

இந்தப் பங்குனி, சித்திரையில எந்த ஊர்லயாவது கூத்து நடக்கும். போயி வாத்தியாரைப் பாரு. நான் டைரக்டருன்னு சொல்லாத, அவரு பயந்துடுவாரு. இன்னா வேலை இருக்குதுன்னு கேளு. துரியோதனன் வர்ற நேரத்துக்குத் திரை புடிக்க ஒரு ஆளு வேணும்னு சொல்லுவாரு. புடி. அவன் திரைக்குப் பின்னால நின்னு பாடுவான் பாடுவான், பாடிக்கினே இருப்பான். கை கடுகடுன்னு வலிக்கும். எறக்கிடாத. அந்தக் கை வலியை எப்பிடியும் உன் ப்ராசஸ் நோட்டுல ரெண்டு பக்கம் எழுதுவ, எனக்குத் தெரியும். எழுதிக்க. ஆனா திரையை முழுசாப் புடிச்சப்புறம் எழுது.